ஃபோன்ல நெட் வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரல – வீட்டுக்கே வந்து பாத்த சர்வீஸ் கடை எப்படி?

மதுரைல எங்க ஏரியாவுல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை இருக்கு. ஜெராக்ஸ், பிரிண்டர் இங்க் ரீஃபில், லேப்டாப் ஸ்க்ரீன் மாத்துறது, பசங்க ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங்னு எல்லாம் கலந்து கட்டி பண்றவங்க, வீட்டுக்கு வந்து நெட் பிரச்சினையும் பாத்து குடுக்குறாங்க. கடை பேர் போடல, ஏன்னா கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், நாளைக்கு அதே கடையில போய் நிக்கணும். விசிட்டிங் சார்ஜ் 300 ரூபா, சாமான் தனி. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கலாம். வேலைக்கு முழுசா அஞ்சு, மத்ததுக்குத்தான் ஒண்ணு கட்.

நான் வீட்டுல இருந்தே நாலஞ்சு கடைக்கு கணக்கு பாக்குறேன், மாசாமாசம் ஜிஎஸ்டி போர்ட்டல்ல 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள்ள 3பின்னு ரெண்டு ரிட்டர்ன் போடணும், லேட்டானா ஃபைன் ஓட ஆரம்பிச்சிரும், அப்புறம் கடைக்காரங்க கேக்குறது என்னையத்தான். அதனால எனக்கு நெட்டுங்கிறது ரீல்ஸ் பாக்குற விஷயம் இல்ல. கம்ப்யூட்டர் பெட்ரூம்ல இருக்கு, பழைய டெஸ்க்டாப், நாலாவது ஜெனரேஷன் ஐ3, விண்டோஸ் 10. ரவுட்டர் ஹால்ல டிவி பக்கத்துல. நடுவுல ஒரு லேன் வயர் சுவத்து மேல ஓடி, கதவு நிலையில ஒரு ஓட்டை வழியா உள்ள வரும்.

பிரச்சினை என்னன்னா, வலது பக்கம் கீழ இருக்குற நெட் ஐகான் திடீர்னு உருண்டையா மாறும், அப்புறம் கொஞ்ச நேரத்துல அதுவே சரியாகும், மறுபடி உருண்டை. பாதி ரிட்டர்ன் அடிக்கும்போது போர்ட்டல் வெளிய தள்ளிரும். ஆனா அதே நேரத்துல ஹால்ல அத்தை டிவில சீரியல் ஒரு சுத்துக்கூட சுத்தாம ஓடும், பையன் ஃபோன்ல கேம் ஓடும். சரின்னு வீட்டுல ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. எங்க வீட்டுக்காரர் "இது கிழட்டு சிஸ்டம், தூக்கிப் போட்டு புதுசு வாங்கிரலாம்"னு ஆரம்பிச்சாரு, அவர் தம்பி ஒரு வீடியோவ பாத்துட்டு வந்து "அண்ணி டிஎன்எஸ்ஸ 8.8.8.8னு மாத்துங்க, பறக்கும்"னாரு. மாத்தியும் பாத்தாச்சு, பறக்கல. இந்த டிஎன்எஸ்ங்கிறது வெப்சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்குற வேலை மட்டுந்தான், லைனே அறுந்து அறுந்து வரும்போது கூகுளோட 8.8.8.8 போட்டா என்ன, 1.1.1.1 போட்டா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்.

நெட் கம்பெனிக்கு ஃபோன் பண்ணா அது தனி கூத்து. பாட்டு முடிஞ்சு ஆள் வந்ததும் "மேடம் உங்க லைன் எங்க சைடுல ஆன்லைன்னு காட்டுது, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". பண்ணியாச்சுன்னு சொன்னா "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், ஊசி வச்சு பத்து செகண்ட் அமுக்குங்க". இத மட்டும் யாரும் சும்மா சொல்றாங்கன்னு செஞ்சுராதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்றது பரவால்ல, ஊசி வச்சு அமுக்குனா ரவுட்டர்ல இருக்குற வைஃபை பேரு, பாஸ்வேர்டு, சில கம்பெனில லாகின் யூசர் ஐடி எல்லாமே அழிஞ்சிரும், அப்புறம் அத்தை சீரியலும் சேந்து போயிரும், ஆள் வந்து போட்டுக் குடுத்தாத்தான் உண்டு. நான் அமுக்கல.

இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு சொன்னாங்க, அவங்க கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி எடுத்து கூப்பிட்டிருக்காங்க, அந்தப் பக்கம் எடுத்தவன் ஸ்க்ரீன் ஷேர் ஆப் ஒண்ண ஃபோன்ல ஏத்தச் சொல்லி, பத்து ரூபா மட்டும் கட்டுங்கன்னானாம். நல்லவேளை அவங்க பொண்ணு புடுங்கி கட் பண்ணிருச்சு. கம்பெனி நம்பர பில்லுல இருந்தோ அவங்க ஆப்ல இருந்தோ எடுங்க, தேடி எடுக்காதீங்க. காசு போயிருச்சுன்னா உடனே 1930க்கு கூப்பிடணும், அது சைபர் கிரைம் ஹெல்ப்லைன்.

சரி கடைக்கு வரேன். காலைல கூப்பிட்டேன், "பத்து நிமிஷத்துல பையன அனுப்புறேன்க்கா"ன்னு சொன்னாங்க, பையன் வந்தப்போ வாசல்ல விளக்கு ஏத்தியாச்சு. அந்தக் கோவத்துல தான் கதவையே தொறந்தேன். ஆனா அந்தத் தம்பி உள்ள வந்ததும் நேரா கம்ப்யூட்டர் கிட்ட போகல, அதுவே எனக்குப் பிடிச்சிருந்துச்சு. முதல்ல ரவுட்டர் முன்னாடி குத்தவச்சு உக்காந்து லைட்ட பாத்துச்சு. "பான் லைட்டு பச்சையா நிக்குது, லாஸ் லைட்டு எரியல, அப்ப ஃபைபர் நல்லாருக்குக்கா"ன்னுச்சு. பான்னு போட்டிருக்குறது ஃபைபர் லைன் கனெக்ட் ஆயிருக்குன்னு காட்டுற லைட்டு. லாஸ்னு போட்டிருக்குற லைட்டு செவப்பா எரிஞ்சா வெளிய இருந்து வர்ற வெளிச்சமே வரலன்னு அர்த்தம், அதாவது ஃபைபர் எங்கயோ மடங்கியிருக்கு இல்ல அறுந்திருக்கு, அது நெட்டுக்காரங்க வேலை, நம்ம கம்ப்யூட்டர்ல என்ன குடைஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. அதோட நிக்காம ஃபோன்ல ரவுட்டர் பக்கத்த தொறந்து ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபர்ல வர்ற வெளிச்சம் எவ்வளவுன்னும் பாத்துச்சு, மைனஸ் 21 இருந்துச்சு. மைனஸ் 27 பக்கத்துல போனாத்தான் கவலைப்படணுமாம்.

அப்புறம் பையில இருந்து சொந்த லேப்டாப்ப எடுத்து ஒரு சின்ன வயர்ல ரவுட்டர்ல நேரா மாட்டி, கருப்பு விண்டோவ தொறந்து பிங் போட்டு ஓட விட்டுச்சு. பிங்னா "இருக்கியா"ன்னு கேட்டு அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்குறது. ஒரு கட் இல்ல. அதே பிங்க என் கம்ப்யூட்டர்ல போட்டுச்சு, இங்கதான் விஷயமே. எல்லாரும் பிங்னா கூகுளுக்கு போடுவாங்க, இந்தத் தம்பி முதல்ல வீட்டு ரவுட்டருக்கே போட்டுச்சு, 192.168.1.1னு. நாலு வரி நல்லா வந்துச்சு, அஞ்சாவது வரில "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்". மறுபடி நல்லா, மறுபடி டைம்ட் அவுட். "பாருங்கக்கா, ஹால்ல இருக்குற டப்பாவே பதில் சொல்லல, இதுக்கு கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், ப்ராப்ளம் இந்த சுவத்துக்கும் அந்த சுவத்துக்கும் நடுவுலதான்." எனக்கு அப்பவே 300 ரூபா வசூலான மாதிரி இருந்துச்சு. ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 பதில் சொல்லலன்னா கம்பெனி லைன் கோளாறு, 8.8.8.8 வந்து வெப்சைட் பேர் போட்டா மட்டும் வரலன்னா அப்பத்தான் என் கொழுந்தனார் சொன்ன டிஎன்எஸ். எது எங்க வரைக்கும் போகுதுன்னு பாத்தா யார கூப்பிடணும்னு தானா தெரிஞ்சிரும், இத யாருமே எனக்கு இதுவரைக்கும் சொல்லல. நெட் போயிருக்குற நேரத்துல ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல என் கம்ப்யூட்டரோட நம்பர் என்னன்னும் எடுத்துக் காட்டுச்சு, 169.254ல ஆரம்பிச்சுது. அப்படி வந்தா ரவுட்டர் கிட்ட இருந்து நம்பரே கிடைக்காம விண்டோஸ் தானே ஒண்ண போட்டுக்கிச்சுன்னு அர்த்தமாம்.

அடுத்து செஞ்சதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். வயர தொடவே இல்ல. டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் கார்ட தொறந்து, அட்வான்ஸ்டுல ஸ்பீட்ங்கிற இடத்துல ஆட்டோன்னு இருந்தத 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளக்ஸ்னு மாத்துச்சு, அவ்வளவுதான், பிங் ஓட ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. நான் சரியாயிருச்சேன்னு சந்தோஷப்பட்டா, "இது மருந்து இல்லக்கா, டெஸ்டு"ங்குது. லேன் வயருக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு ரெண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 நம்பர் பின் மட்டும். 1000க்கு நாலு ஜோடியும் வேணும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் பேசி 1000னு முடிவு பண்ணிக்குதுங்க, ஓட ஆரம்பிச்சா ஒரு ஜோடில கோளாறு, உடனே கட், திரும்ப முதல்ல இருந்து பேச்சு. நிச்சயதார்த்தம் முடிஞ்சு முடிஞ்சு கல்யாணம் நின்னு போற கதை. 100ல நிறுத்தி வச்சா ஒழுங்கா ஓடுதுன்னா மிச்ச ரெண்டு ஜோடில ஒண்ணு போயிருக்கு.

அப்புறம் டெஸ்டர். கைல அடங்குற சின்ன டப்பா, ரெண்டா பிரியும், ஒரு பாதிய ஹால்ல மாட்டி, ஒரு பாதிய பெட்ரூம்ல மாட்டிட்டு என்ன பாக்கச் சொல்லுச்சு. 1, 2, 3ன்னு லைட்டு வரிசையா ஓடி 6 வரைக்கும் வந்துச்சு, 7 எரியவே இல்ல, 8 மினுக் மினுக்னுச்சு. பிரவுன் ஜோடி. கதவு நிலை ஓட்டைகிட்ட வயர் நல்லா மடங்கி, கதவு சாத்துற ஒவ்வொரு தடவையும் நசுங்கிட்டு இருந்திருக்கு. அந்த இடத்த வெட்டி, கம்பி ஒண்ண பிளேடால சுரண்டிக் காட்டுச்சு, மேல செம்பு நிறம், உள்ள வெள்ளை. "இது செம்பு கம்பி இல்லக்கா, அலுமினியம், மேல பூச்சு மட்டுந்தான் செம்பு, நாலு தடவ மடக்குனா ஒடிஞ்சிரும்." வயர் போட்டவங்க காப்பர் கேபிள்னு சொல்லித்தான் மீட்டர் கணக்குல காசு வாங்குனாங்க. யாரு எவருன்னு இங்க வேணாம். கேபிள் வாங்கும்போது மேல சிசிஏன்னு அச்சடிச்சிருந்தா வாங்காதீங்க, அந்த மூணு எழுத்துக்கு இதான் அர்த்தம்.

ஒடிஞ்ச இடம் வரைக்கும் வெட்டிட்டு புது கனெக்டர் போட்டுச்சு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்னு மனப்பாடமா முணுமுணுத்துக்கிட்டே விரல்ல நீவி நீவி நேராக்கி, கட்டிங் பிளேயர் வச்சு நுனிய ஒரே மட்டமா வெட்டி, டக்குனு உள்ள தள்ளி ஒரே அமுக்கு. அந்த நீவுற வேலைய பாத்துட்டே இருக்கலாம், மல்லிப்பூ கட்டுற அத்தையே எட்டிப் பாத்துட்டு "கை சுத்தமான பையன்"னாங்க. டெஸ்டர் மாட்டுனா 1ல இருந்து 8 வரைக்கும் ஓடுது. ஸ்பீட திரும்ப ஆட்டோவுல வச்சு, 1000ல கனெக்ட் ஆச்சு, கட் இல்ல. இப்போதைக்கு ஓடும், ஆனா இந்த வயர் இன்னொரு இடத்துல ஒடியும், நல்ல காப்பர் லேன் வயரா, கேட்6 ரகம் வாங்கி கதவு வழியா இல்லாம ஜன்னல் பக்கமா இழுத்துக்கோங்கன்னு சொல்லுச்சு, நாங்களே தான் விப்போம்னு தலைல கட்டல, எங்க வேணாலும் வாங்குங்கன்னுச்சு. அதுக்காகவே இன்னொரு ஸ்டார் குடுக்கலாம்.

சரி முடிஞ்சுதுன்னு ஜிஎஸ்டி போர்ட்டல தொறந்தா தொறக்கல! எனக்கு அழுகையே வந்துருச்சு. பூட்டு மேல கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம், கனெக்ஷன் பாதுகாப்பா இல்லன்னு. எங்க வீட்டுக்காரர் ஹால்ல இருந்தே "நாந்தான் சொன்னேன்ல, சிஸ்டம் போச்சு"ன்னாரு. தம்பி ஸ்க்ரீன பாத்து சிரிச்சுட்டு கீழ ஓரத்துல விரல வச்சுச்சு, தேதி 2014ன்னு நிக்குது.

இது வேற கோளாறு, முதல் கோளாறுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா வீட்டுல எல்லாருக்கும் ரெண்டுமே "நெட் இல்ல" தான். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு சர்டிஃபிகேட் இருக்கு, அதுல இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும். கம்ப்யூட்டர் 2014ல இருக்குன்னா அந்த சர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல, அதனால உள்ள விடாது. பேங்க், போர்ட்டல், கூகுள் எல்லாமே அடம்பிடிக்கும். நெட் அறுந்திருந்தா க்ரோம்ல அந்த டைனோசர் நிக்கும், தேதி தப்பா இருந்தா இந்த மாதிரி எச்சரிக்கைப் பக்கம் வரும், என்ன வந்துச்சுன்னு படிச்சுப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும். படிக்காம எக்ஸ் அமுக்குறதுதான நம்ம வழக்கம்.

தேதி ஏன் பின்னாடி போச்சுன்னா, மதர்போர்டுல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032ன்னு, அஞ்சு ரூபா காயின் மாதிரி ஆனா கொஞ்சம் சின்னதா. சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணதுக்கப்புறம் கடிகாரத்த ஓட்டுறது அதுதான். 3 வோல்ட் இருக்கணும், மீட்டர் வச்சா 2 கிட்ட காட்டுச்சு. கரண்ட் மிச்சம் பண்றோம்னு தினமும் ராத்திரி மெயின்ல ஆஃப் பண்ற வீடு எங்களது, அதுவும் இத்தன வருஷம் ஆன சிஸ்டம், சாகாம என்ன பண்ணும். பேட்டரி 50 ரூபா, மாத்திட்டு தேதிய சரி பண்ணதும் போர்ட்டல் தொறந்துச்சு. கையோட லாகின் பண்ணி பாத்துட்டுத்தான் தம்பிய விட்டேன். பழைய சிஸ்டம் வச்சிருக்கவங்க ஃபோன் எல்லாம் நல்லா ஓடி கம்ப்யூட்டர்ல மட்டும் எந்த சைட்டும் தொறக்கலன்னா முதல்ல கீழ ஓரத்துல தேதிய பாருங்க, காசு மிச்சம்.

போறதுக்கு முன்னாடி நான் கேக்காமலே இன்னொண்ணும் பண்ணுச்சு. எங்க வீட்டுக்காரர் ஆன்லைன்ல விரல் நகம் சைஸ்ல ஒரு வைஃபை டாங்கிள் வாங்கி பின்னாடி குத்தி வச்சிருந்தாரு, டப்பால 150 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கு, வந்தது ஆமை வேகம். அந்த 150ங்கிறது காத்துல பேசுற கணக்கு, கைக்கு பாதி வந்தாலே பெரிசு. அதுவும் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான் பிடிக்கும், ரவுட்டர்ல 5ஜின்னு தெரியுற 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதுக்கு கண்ணுக்கே தெரியாது. அது போக, பின்னாடி நீல கலர் யுஎஸ்பில, எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் பக்கத்துலயே குத்தியிருந்துச்சு. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கெளப்புற இரைச்சல் சரியா இந்த 2.4 ஏரியாவுலதான் விழும், இன்டெல் கம்பெனியே 2012ல இத அளந்து எழுதியிருக்கு. டாங்கிள உருவி, ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டி மேசை மேல வச்சுச்சு, வேகம் கண்ணு முன்னாடி ஏறுச்சு. லேன் வயர் இருக்கும்போது இது தேவையில்ல, ஆனா வயர் ஒடிஞ்சா 20ஆம் தேதி ராத்திரிக்கு ஆபத்துக்கு ஆகும்னு அப்படியே வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கும் வாங்குனது வீணாகலன்னு ஒரு நிம்மதி.

இப்ப குறை. நேரம், மேல சொன்னதுதான், "பத்து நிமிஷம்"னு சொல்லாம "சாயங்காலம் வரும்"னு சொல்லிருந்தா நான் பாட்டுக்கு என் வேலைய பாத்திருப்பேன். மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஃபோனே எடுக்க மாட்டாங்க. அப்புறம் கடை ஓனர், தம்பி போனதுக்கு அப்புறம் ஃபோன் பண்ணி ஆன்டிவைரஸ் போட்டுக்கோங்கக்கா, நெட் கட்டாகாம இருக்க புது சிஸ்டம் வாங்கிருங்கன்னு விக்கப் பாத்தாரு. விண்டோஸ்லயே டிஃபெண்டர்னு ஆன்டிவைரஸ் இருக்குறப்போ இன்னொண்ணு எனக்கெதுக்குன்னு விட்டுட்டேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்ட நிறுத்திருச்சு, நாலாவது ஜெனரேஷன் ப்ராசசருக்கு 11 முறைப்படி ஏறாது, அதனால புது சிஸ்டம்னு அவர் சொன்னது நியாயந்தான், ஆனா நெட் கட்டாகுறதுக்கும் அதுக்கும் முடிச்சு போட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பு. அவங்க பையனே வயர வெட்டி காட்டிட்டு போயிருக்கான்.

பில் விஷயம் இன்னும் மோசம். ஊருக்கெல்லாம் பில் இல்லாம எழுதாதீங்கன்னு சொல்ற எனக்கே, பழைய கல்யாண பத்திரிகை பின்னாடி 300, 50, கனெக்டர் 20, மொத்தம் 370ன்னு பேனால எழுதி குடுத்தாங்க. கேட்டப்புறம் மறுநாள் வாட்ஸப்ல ஒரு பில் வந்துச்சு, அதுல தேதி தப்பு.

நீங்க இந்த மாதிரி எந்த கடைய கூப்பிட்டாலும் ஃபோன்ல "நெட் வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ரவுட்டர் லைட்டு தெரியுற மாதிரி ஒரு ஃபோட்டோ, ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சோ அது ஒரு ஃபோட்டோ, மத்த ஃபோன்ல வருதா வரலையான்னு ஒரு வரி, இது மூணையும் வாட்ஸப்ல போட்டுருங்க, கூடவே சிஸ்டம் எத்தன வருஷம் பழசுன்னும் சொல்லிருங்க, பேட்டரி கனெக்டர்லாம் கையோட கொண்டு வருவாங்க. எங்க ஏரியா கடைக்கு ஞாயித்துக்கிழமை லீவு.